பழைய படிக உருண்டை: பார்த்து வாங்குவதும் வைத்து ரசிப்பதும்

படிகம் என்று சொல்லி என்னிடம் காட்டப்படும் உருண்டைகளில் பெரும்பாலானவை கண்ணாடிதான். கண்ணாடியாக இருப்பதில் குற்றம் ஒன்றுமில்லை. கல் விலை கொடுத்துக் கண்ணாடியை வாங்குவதுதான் கூடாது.

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பவர் பார்க்க வருகிறவர்களோடு, அவ்வப்போது யாராவது துண்டில் சுற்றிய ஓர் உருண்டையை மேசையில் வைத்து, "அண்ணே, இது ஸ்படிகமா கண்ணாடியா, பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். எங்கள் தொழிலுக்கும் படிகத்துக்கும் பழைய உறவு. தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில் கிடைத்த படிகக் கல்லைத் தேய்த்து மூக்குக் கண்ணாடி செய்த காலம் உண்டு. அதனால் இந்த உருண்டைகள்மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம்.

எங்கள் கரையில் இவை வந்து சேர வழிகள் பல. கீழக்கரை முத்தும் சங்கும் கல்லும் வாங்கி விற்ற ஊர். பெரிய வீடுகளைக் காலி செய்யும்போது வெளிநாட்டிலிருந்து வந்த அலங்காரப் பொருள்கள் பழைய சாமான் கடைக்கு வந்துவிடும். ராமேஸ்வரத்தில் சங்குக் கடை, மாலைக் கடையை மூடுகிறவர்கள் மொத்தமாக ஒதுக்கிவிடுவார்கள். அப்புறம், தனுஷ்கோடியில் போட்டோ எடுக்க வாங்கிய 'லென்ஸ் பால்' ஆசை தீர்ந்ததும் விலைக்கு வரும். அது கண்ணாடி, வாங்கியவருக்கே தெரியும். இரண்டு கை மாறிய பிறகுதான் அதற்கு 'ஸ்படிகம்' என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. ராமநாதசுவாமி கோயிலில் விடியற்காலை 5 மணிக்கு ஸ்படிக லிங்கத்தைத் தரிசித்துவிட்டு வெளியே வருகிறவரிடம் அந்தப் பெயரைச் சொன்னாலே மனசு இளகிவிடும். விற்கிறவருக்கும் அது தெரியும்.

கடையில் நின்றபடி செய்யக்கூடியதை முதலில் சொல்கிறேன்.

உருண்டையைத் துடைக்கச் சொல்லாதீர்கள், நீங்களும் துடைக்காதீர்கள். இங்கே எந்தப் பொருளின் மேலும் மணல் தூசி இருக்கும். மணல் என்பதே பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது படிகத்தின் அதே பொருள். கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் அது 7. சாதாரணக் கண்ணாடி ஐந்தரை. காய்ந்த துணியால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் கண்ணாடியில் கோடு விழுந்துவிடும். ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோங்கள். ஊற்றிக் கழுவிவிட்டு ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

பிறகு கைபேசி டார்ச்சை உருண்டைக்குப் பக்கவாட்டில் பிடித்து, 10 மடங்கு பெரிதாக்கும் லூப் (கண்ணருகே பிடிக்கும் சிறு பூதக்கண்ணாடி) வைத்துப் பாருங்கள். கண்ணை ஒரே இடத்தில் வைத்துவிட்டு உருண்டையை மட்டும் மெதுவாகச் சுழற்ற வேண்டும். உள்ளே குமிழி இருக்கிறதா? குமிழி வட்டமாக, விளிம்பு சுத்தமாக, வெளிச்சத்தில் மின்னும் புள்ளியாகத் தெரிந்தால் கண்ணாடி. சர்க்கரைப் பாகு கரையும்போது தண்ணீருக்குள் தெரியும் நெளிவு போல ஏதாவது ஓடினாலும் கண்ணாடிதான். இயற்கைப் படிகத்தில் இருப்பது வேறு மாதிரி. மெல்லிய திரைபோல ஒரு தளம் உள்ளே தொங்கும். லூப்பில் பார்த்தால் அந்தத் திரை முழுக்க நுண்ணிய துளிகள். கல் வளர்ந்த காலத்தில் விரிசல் விட்டு, மறுபடி மூடிக்கொண்டபோது உள்ளே சிக்கிய திரவம் அது. சிலதில் பொன் ஊசிகள் குறுக்கும் நெடுக்கும் போகும். சிலதில் ஒரு கீற்று, சாய்க்கும்போது மட்டும் வானவில் நிறம் காட்டும். வியாபாரத்தில் இவற்றைத் தோஷம் என்பார்கள். பழைய உருண்டை வாங்குகிறவருக்கு இவைதான் சாட்சி. எனக்குக் குற்றமே இல்லாத உருண்டையைவிட, ஒரு ஓரத்தில் இப்படி ஒரு திரை தொங்கும் உருண்டைதான் பிடிக்கும்.

உள்ளே ஒன்றுமே இல்லாமல் பளிச்சென்று இருந்தால்? அப்போதுதான் எச்சரிக்கை வேண்டும். நல்ல கண்ணாடியும் அப்படித்தான் இருக்கும், அருமையான படிகமும் அப்படித்தான் இருக்கும். பெரிய உருண்டை, சுத்தமான உள்புறம், குறைந்த விலை, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கண்ணாடி என்று வைத்துக்கொண்டே பேரம் பேசுங்கள்.

"கையில வச்சுப் பாருங்க, ஜில்லுனு இருக்கும்" என்று விற்கிறவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. படிகம் கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். கன்னத்தில் வைத்தால் கண்ணாடி சீக்கிரம் வெதுவெதுப்பாகிவிடும். படிகம் குளிர்ச்சியை அவ்வளவு சீக்கிரம் விடாது. ஆனால் தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை மாதத்தில், எந்த உருண்டையும் ஜில்லென்று இருக்காது. ஒப்பிடுவதற்கு ஒரு கண்ணாடிப் பேப்பர் வெயிட்டைக் கூடவே வையுங்கள். இரண்டும் ஒரே நிழலில் கொஞ்ச நேரம் இருக்கட்டும், அப்புறம் தொட்டுப் பாருங்கள். தண்ணீரில் போட்டால் நிஜப் படிகம் மறைந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படி எதுவும் மறையாது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, படிகத்தினுடையது 1.54. விளிம்பு நன்றாகவே தெரியும். ஒன்றையொன்று கீறிப் பார்க்கவும் விடாதீர்கள். பாலிஷ் போனால் உருண்டையின் மதிப்பு போயிற்று.

இவ்வளவு பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால், "பாய், கண்ணாடி விலைக்குன்னா எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். அது படிகமாக அமைந்தால் சந்தோஷம், கண்ணாடியாக அமைந்தால் நஷ்டமில்லை. விற்பவர் சொல்லும் கதைக்கு நான் காசு கொடுப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது எடை. இதை மட்டும் சோம்பல் படாமல் செய்யுங்கள், பாதிச் சந்தேகம் இங்கேயே தீர்ந்துவிடும். சமையலறை டிஜிட்டல் தராசு, ஒரு கிராம் வரை காட்டுவது போதும். முதலில் உருண்டையைக் காய்ந்த நிலையில் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அகலமான ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, காட்டும் எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். உருண்டையைத் தங்கூசி (நைலான்) வலைத் துண்டு ஒன்றில் போட்டு, அடியையும் பக்கத்தையும் தொடாமல், முழுக்க மூழ்கும்படி தூக்கிப் பிடியுங்கள். வலையில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் ஒரு உலுக்கு உலுக்குங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் உருண்டையின் கன அளவு. முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

என் மேசையில் இருக்கும் உருண்டை காய்ந்த நிலையில் 472 கிராம். தண்ணீரில் தொங்கவிட்டபோது தராசு 178 காட்டியது. வகுத்தால் 2.65. படிகத்தின் அடர்த்தி அதுவேதான். சாதாரணக் கண்ணாடி என்றால் 2.5 பக்கத்தில் நிற்கும். லென்ஸ் பால் செய்யும் கே9 என்ற வகைக் கண்ணாடியும் அங்கேதான். ஈயம் கலந்த கண்ணாடி 3-ஐத் தொடும் அல்லது தாண்டும். படிகத்தை உருக்கி வார்த்த கண்ணாடி 2.2 தான் வரும். 'உருக்கிய ஸ்படிகம்' என்று பெரிய பேச்சோடு அதையும் விற்பார்கள், பொருள் கண்ணாடிதான்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு. கடல் தண்ணீரைக் கேட்கவே வேண்டாம். கடல் தண்ணீரில் செய்தால் 2.65 வர வேண்டியது 2.58 என்று காட்டி உங்களைக் குழப்பும். கேன் தண்ணீரோ காவிரிக் குழாய்த் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நூலைச் சுற்றி விட்டம் கண்டுபிடித்து அதிலிருந்து கணக்குப் போடலாமே என்று சிலர் கேட்பார்கள். 8 சென்டிமீட்டர் உருண்டை படிகமானால் சுமார் 710 கிராம், கண்ணாடியானால் சுமார் 670 கிராம். விட்டத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் தவறினால் இந்த வித்தியாசம் முழுக்கக் காணாமல் போய்விடும். அதனால் தண்ணீர்தான் நம்பகம். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 33 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த விட்டத்தில் மாசற்ற ஒரு படிக உருண்டை இருக்கிறது. மியன்மார்க் கல், 1920-களில் சீனாவில் தேய்த்தது. எடை 48 கிலோவுக்கு மேல். இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், சரியாக அங்கே வந்து நிற்கும்.

அடுத்தது வெளிச்சச் சோதனை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கடலுக்குப் போகிறவர்களும் வண்டி ஓட்டுகிறவர்களும் கூச்சம் தெரியாமலிருக்கப் போடும் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்று வேண்டும். கணினியின் எல்.சி.டி. திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். கூலிங் கிளாஸைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து மெதுவாகத் திருப்பினால், ஒரு நிலையில் திரை இருண்டுவிடும். அந்த நிலையிலேயே கூலிங் கிளாஸைப் பிடித்துக்கொண்டு, திரைக்கும் அதற்கும் நடுவில் உருண்டையைக் கொண்டுவாருங்கள். கண்ணாடி உருண்டை என்றால் அதுவும் இருட்டாகவே இருக்கும். மிஞ்சினால் மங்கலாக ஒரு சிலுவை நிழல் தெரியும். படிகம் என்றால், சுற்றிலும் இருட்டாக இருக்க உருண்டை மட்டும் வெளிச்சம் பிடித்து நிற்கும். இப்போது விரல் நுனியால் அதை எல்லாப் பக்கமும் உருட்டுங்கள். ஒரு குறிப்பிட்ட திசை உங்களை நோக்கி வரும்போது, சின்னஞ்சிறு வண்ண வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தோன்றும். இன்னும் ஒரு இழை திருப்பினால் வளையங்கள் நழுவி ஓரத்துக்குப் போய்விடும். உருண்டைக்குத் தலையும் காலும் கிடையாது. ஆனாலும் கல்லின் அச்சு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இந்த வளையங்கள் காட்டிவிடுகின்றன. நிலத்துக்கு அடியில் ஆறு பட்டைத் தூணாக வளர்ந்தபோது அது நின்ற திசை அது. எத்தனை பேருக்குக் காட்டினாலும், அந்த வளையம் வரும்போது எனக்குத் திரும்பவும் பார்க்கத் தோன்றும்.

கூலிங் கிளாஸ் கையில் இல்லாவிட்டால் வெள்ளைத் தாளில் மெல்லிய பேனாவால் ஒரு சிறு கூட்டல் குறி போட்டு, அதன்மேல் உருண்டையை வையுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர் மேலிருந்து பார்த்தபடி உருட்டுங்கள். படிகத்தில் சில நிலைகளில் கோடு லேசாக இரண்டாகப் பிரியும், மறுபடி ஒன்றாகும். கண்ணாடியில் எப்போதும் ஒன்றுதான். உருண்டை சிறியதாக இருந்தால் இந்தப் பிரிவு கண்ணுக்குப் பிடிபடாது. கோடு மிகவும் அகலமாகப் பிரிந்தால் அது கால்சைட் என்னும் வேறு கல்லாக இருக்கலாம். அதன் அடர்த்தி 2.71, படிகத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தராசு மட்டும் பார்ப்பவர் ஏமாந்துவிடுவார். கால்சைட் மிருதுவானது, எலுமிச்சைச் சாறு பட்டாலே பாலிஷ் போய்விடும்.

நிறம் உள்ளவை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பால் கலந்த நீலமாக இருந்து, வெளிச்சத்துக்கு எதிரில் பிடித்தால் ஆரஞ்சு காட்டுவது ஓபலைட் என்னும் கண்ணாடி. அதைச் சந்திரகாந்தம் என்று விற்பார்கள். பழுப்புக்குள் செம்புத் துகள் மினுங்குவதும் கண்ணாடியே. நிறம் விரிசல்களில் மட்டும் தேங்கியிருந்தால் சாயம் ஏற்றியது. ரோஸ் நிறப் படிகத்தின் மேல் இருட்டில் ஒற்றை டார்ச் அடித்துப் பாருங்கள், சிலவற்றில் ஆறு கதிர் நட்சத்திரம் மிதக்கும். வெள்ளையாக, பட்டு நூல் போன்ற பளபளப்போடு, நகம் பட்டாலே கீறல் விழுந்தால் அது செலினைட் என்னும் ஜிப்சக் கல். தண்ணீரில் ஊறவைத்தால் கெட்டுவிடும், எடைச் சோதனை அதற்கு வேண்டாம்.

ஒன்று மட்டும் வீட்டில் தெரியாது. தொழிற்சாலையில் அழுத்தக் கலத்துக்குள் வளர்த்த படிகமும் இதே அடர்த்தி, இதே வளையம்தான் காட்டும். உள்ளே திரையோ ஊசியோ இருந்தால் இயற்கை என்று பெரும்பாலும் நம்பலாம். சுத்தமான உருண்டைக்குப் பெருந்தொகை கேட்டால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்று இல்லாமல் கொடுக்காதீர்கள்.

சரி, இனி ரசிப்பது. இதற்குக் கண்ணாடியும் கல்லும் ஒன்றுதான்.

பகலில் ஒரு அறையை இருட்டாக்கி, கடல் பார்த்த ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள். நேர் வெயில் அதில் விழக்கூடாது. உருண்டையை ஜன்னலுக்கு எதிரில் பிடித்து, அதன் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை, விரல் அகல இடைவெளியில் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஒரு புள்ளியில் ஜன்னல் முழுவதும் தாளில் தலைகீழாக வந்து உட்காரும். தென்னை கீழ்நோக்கித் தொங்கும், படகு மேலே மிதக்கும், ஓலை அசைவது அப்படியே தெரியும். உருண்டையை நேரே கண்ணால் பார்க்கும்போது உள்ளே இருப்பதாகத் தோன்றுகிற தலைகீழ்ப் படமும் இதே படம்தான். அது உண்மையில் உருண்டைக்கு உள்ளே இல்லை. நம் பக்கமாக, மேற்பரப்புக்குச் சற்று வெளியே நிற்கிறது. தனுஷ்கோடிக் கோடியில் உள்ள அரிச்சல்முனையில் கைபேசியால் எடுக்கும்போது பின்னணியைத் தொட்டு ஃபோகஸ் செய்தால் படம் கலங்குவது இதனால்தான். உருண்டையில் தெரியும் அடிவானத்தின் மேல் விரலை வைத்துத் தொடுங்கள், தெளிந்துவிடும். அங்கே ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் நீரிணை. இரண்டு கடலும் நடுவில் ஓடும் தார்ச்சாலையும் ஓர் உருண்டைக்குள் அடங்கும். மேகம் போட்ட நாளும், வெயில் இறங்கிய பிறகு மிஞ்சும் வெளிச்சமும்தான் இதற்கு நல்லது.

தாளின் மேல் வைத்துவிட்டு மேலிருந்து பார்த்தால் அதே உருண்டை எழுத்தை நிமிர்த்தி மூன்று மடங்கு பெரிதாகக் காட்டும். கடற்கரை மணலை ஒரு சிட்டிகை தாளில் பரப்பி, மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையைப் போட்டு, அதன்மேல் உருண்டையை வையுங்கள். சிப்பித் தூள், கருமணல், தெளிந்த குவார்ட்ஸ் துகள் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். பிள்ளைகள் நகரவே மாட்டார்கள்.

வெயில் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 8 சென்டிமீட்டர் படிக உருண்டை, வெயிலைத் தன் மேற்பரப்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் குவிக்கும். அதன் கீழே விரித்த துணி, பக்கத்தில் இருக்கும் காகிதம், பிடித்திருக்கும் உள்ளங்கை, எல்லாம் அந்தத் தூரத்துக்குள்தான். வானிலை ஆய்வு நிலையங்களில் வெயில் நேரம் அளக்கும் கேம்பல்–ஸ்டோக்ஸ் கருவி இதே தத்துவம்தான். 1853-இல் கேம்பல் அமைத்ததை 1879-இல் ஸ்டோக்ஸ் திருத்தினார். கண்ணாடி உருண்டை, பின்னால் ஓர் அட்டை. வெயில் அடித்த நேரமெல்லாம் அட்டையில் கருகிய கோடாகப் பதியும். வெயில் சாய்ந்திருந்தாலும் ஜன்னல் வழியாக வந்து இதே வேலையைச் செய்துவிடும். ஓலைக் கொட்டகையும் வலைக் குவியலும் உள்ள எங்கள் பக்கத்தில் இதை ஜன்னலோரம் வைத்துவிட்டு வெளியே போகவே கூடாது. வேலை முடிந்ததும் கெட்டித் துணியில் சுற்றி, அலமாரியில் மூடி வையுங்கள். உருண்டை வழியாகச் சூரியனைப் பார்ப்பதும் வேண்டாம்.

நிறுத்தி வைக்க, பானை வைக்கும் பிரிமணையில் சின்னதாக ஒன்று பனை நாரில் முடைந்து வாங்கிக்கொள்ளுங்கள். பித்தளை வளையம் உப்புக் காற்றில் பச்சை பிடிக்கும், உருண்டையிலும் கறை ஏற்றும். மங்கல் தெரியும்போது வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவி, சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றுங்கள். கொதிநீர் கூடாது, உள்ளே கீற்று இருந்தால் நீண்டுவிடும்.

பழைய உருண்டையில் மெல்லிய கீறலும், எங்கோ விழுந்ததன் அடையாளமாகப் பிறை வடிவ விரிசலும் இருக்கும். மெல்லிய கீறல் தலைகீழ்ப் படத்தைக் கெடுக்காது. பற்பசை போட்டுத் தேய்க்காதீர்கள். படிகத்தை அது ஒன்றும் செய்யாது, கண்ணாடியை மங்கலாக்கும். கல் உருண்டையை மறுபடி பாலிஷ் போட வேண்டுமானால், மூன்று கிண்ணங்களுக்கு நடுவில் சுழலவிட்டுத் தேய்க்கும் இயந்திரம் வேண்டும். குஜராத்தின் கம்பாத் போன்ற கல் தேய்க்கும் ஊர்களில்தான் விசாரிக்க வேண்டும். பிறை விரிசலை எடுக்க அது இறங்கிய ஆழம் வரைக்கும் சுற்றிலும் தேய்க்க வேண்டும், உருண்டை சிறுத்துவிடும். உள்ளே நல்ல திரையோ ஊசியோ இருக்கிற பெரிய படிகமானால் அந்தச் செலவைச் செய்யலாம். மற்றதை அப்படியே விட்டு, பிறை விழுந்த பக்கம் பிரிமணைக்குள் போகும்படி வைத்துக்கொள்ளுங்கள்.